செத்த காலேஜும் உயிர் காலேஜும்: எழும்பூர் அருங்காட்சியகம் பற்றி ஒரு நீண்ட இழை

1/
தண்டலத்தில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் நிறைய பேருக்கு எந்த நோயும் கிடையாது. ஆச்சரியமா இருக்கா? இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று இந்தப் பக்கம் முழுக்கத் தொழிற்சாலைகள். வேலைக்குச் சேர பிட்னஸ் சர்டிபிகேட் வேண்டும். அதற்காக வரிசையில் நிற்கும் இளைஞர்கள் இவர்கள். உயரம், எடை, பிபி, கண் பார்வை, நிறம் பிரித்தறியும் சோதனை. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் மதியம் வரை அளந்துகொண்டே இருப்பேன்.

2/
சில மாதங்களுக்கு முன் ஒடிசாவிலிருந்து ஒரு பையன் வந்தான். 22 வயது, ஒல்லியான உடம்பு. பிபி பார்த்தால் 160/100. இந்த வயதில் இது சரியில்லையே என்று பத்து நிமிஷம் ஃபேன் அடியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, திரும்பப் பார்த்தேன். 122/78. வெறும் பயம். டாக்டரைப் பார்த்தால் ஏறும் பிபி. எங்கள் பாஷையில் 'ஒயிட் கோட் ஹைப்பர்டென்ஷன்'.

3/
"எதுக்குப்பா இவ்வளவு பயம்?" என்று கேட்டேன். கூட வந்த ரூம்மேட் மொழிபெயர்த்துச் சொன்னான்: "நீங்க அளந்து அளந்து ஏதோ எழுதறீங்க. என்ன எழுதறீங்கன்னு சொல்லவே இல்ல. அதான் பயந்துட்டானாம் டாக்டர்." கையிலிருந்த தாளைப் பார்த்தேன். டோக்கன் நம்பர் 37 என்று இருந்தது. பெயர் எழுதும் இடம் காலி. நான் கேட்கவே இல்லை.

4/
அடுத்த ஞாயிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எழும்பூர் அருங்காட்சியகம் போனேன். திரும்பி வந்து அதன் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அந்தப் பையனின் பயம் 100 வருஷத்துக்கு முன்பே அந்த வளாகத்தின் கதைக்குள் இருப்பது தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்க.

5/
முதலில் ஒரு பழைய பெயர். நம்ம தாத்தா பாட்டி காலத்தில் மதராஸ் பார்க்க வந்த கிராமத்து மக்கள் இரண்டு 'காலேஜ்' பார்ப்பார்கள். ஒன்று செத்த காலேஜ், இன்னொன்று உயிர் காலேஜ். செத்த காலேஜ் என்றால் பாடம் பண்ணிய விலங்குகளும் எலும்புக் கூடுகளும் வைத்திருக்கும் எழும்பூர் அருங்காட்சியகம். உயிர் காலேஜ் என்றால் மிருகக்காட்சி சாலை. அருங்காட்சியகம் முதலில் ஒரு கல்லூரிக் கட்டிடத்தில் தொடங்கியதால் 'காலேஜ்' ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள்.

6/
அந்தக் கட்டிடம் நுங்கம்பாக்கத்தில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கு நம்ம மொழிகளைச் சொல்லிக் கொடுத்த இடம். 1851-ல் அதன் மாடியில் அருங்காட்சியகம் தொடங்கியது. மூலதனம் என்ன தெரியுமா? மதராஸ் இலக்கியக் கழகம் கொடுத்த சுமார் 1100 கல், கனிம மாதிரிகள். 1854-ல் எழும்பூர் பாந்தியன் கட்டிடத்துக்கு இடம் மாறியது. பாந்தியன் சாலை என்ற பெயர் அந்தக் கட்டிடத்திலிருந்து வந்ததுதான்.

7/
இதன் முதல் பொறுப்பாளர் யார்? ஒரு மருத்துவர். எட்வர்ட் பால்ஃபோர். ராணுவ சர்ஜன். காட்டை அழித்தால் மழைக்கும் மக்கள் உடல்நலத்துக்கும் என்ன ஆகும் என்று 1840-களிலேயே எழுதியவர். பிரசவ மருத்துவ நூல் ஒன்றை ஹிந்துஸ்தானியில் மொழிபெயர்த்து, அது தமிழ், தெலுங்கு, கன்னடத்திலும் வர ஏற்பாடு செய்தவர். 1875-ல் மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்கள் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது, சர்ஜன் ஜெனரலாக இருந்து அவர்கள் பக்கம் நின்றவரும் இவர்தான்.

8/
மக்கள் கல்லைப் பார்க்க மட்டும் வரமாட்டார்கள், உயிருள்ள விலங்கு இருந்தால் கூட்டம் கூடும் என்று பால்ஃபோருக்குப் புரிந்தது. 1855-ல் அருங்காட்சியக வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலை ஆரம்பித்தார். பிறகு அது பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-ல் வண்டலூருக்கு வந்தது. ஆமாங்க, ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் ரோட்டைப் பிடித்துப் போனால் வரும் அதே வண்டலூர் ஜூ தான். ஆக, உயிர் காலேஜ் பிறந்ததே செத்த காலேஜின் தோட்டத்தில்தான்.

9/
சரி, உள்ளே போவோம். 'உலகப் பண்பாடுகளைப் பார்க்க லண்டன், பாரிஸ் போகணும்' என்று நினைக்கிறவர்கள் எழும்பூரில் மூன்று பொருள்களைப் பார்த்தால் போதும். ஒரு கல், ஒரு உடைந்த பானை, ஒரு புத்தர்.

10/
முதலில் கல். 1863 மே 30. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியல் துறைக்காரர் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் ஒரு கல்லை எடுத்தார். பார்த்தால் சாதாரணக் கல். ஆனால் இரண்டு பக்கமும் செதுக்கி முனை ஆக்கியிருந்தது. இதே மாதிரிக் கற்கள் பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்து, அவை ஆதி மனிதனின் கருவிகள்தான் என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டது 1859-ல். நாலே வருஷத்தில் பல்லாவரம்!

11/
அதே வருஷம் செப்டம்பரில் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அதிரம்பாக்கம் போனார்கள். நம்ம தண்டலத்துக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் இருக்கும் சின்ன ஊர். அங்கே கற்கருவிகள் குவியலாகக் கிடைத்தன. சாந்தி பப்புவின் குழு அங்கே அகழாய்வு செய்து 2011-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, அந்தக் கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு. இதற்குப் பதினைந்து லட்சம்.

12/
ஃபூட் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கற்கருவிகளை 1904-ல் மதராஸ் அருங்காட்சியகம் வாங்கியது. பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்க. ஆப்பிரிக்காவில் கிடைத்த கைக்கோடரியை இதற்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சொல்ல சிரமப்படுவீர்கள். அதே கண்ணீர்த்துளி வடிவம், அதே கைப்பிடி அளவு. எலும்பு மருத்துவர்கள் கையைப் படிப்பதுபோல் பார்த்தால், கட்டை விரலும் மற்ற விரல்களும் எங்கே அழுத்தியிருக்கும் என்று ஊகிக்க முடியும். நாடு, மொழி, இனம் எல்லாம் வருவதற்கு முன் இருந்த கை அது.

13/
அடுத்தது உடைந்த பானை. 1944-ல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராகப் புதிதாக வந்த மார்ட்டிமர் வீலர் எழும்பூருக்கு வந்தார். ஒரு அலமாரிக்குள் கையை விட்டபோது பானையின் கழுத்தும் நீண்ட கைப்பிடியும் கிடைத்தன. புதுச்சேரிப் பக்கம் கிடைத்ததாக எடுத்து வைத்திருந்த ஓடு. வீலருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது ஆம்ஃபோரா. மத்தியதரைக் கடல் நாடுகளில் ஒயினும் எண்ணெயும் அனுப்பும் ஜாடி.

14/
அங்கிருந்து புதுச்சேரி போனார். அரிக்கமேட்டில் கிடைத்த பொருள்களில் இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ப் பாணி சிவப்புக் கிண்ணங்களும் இருந்தன. 1945-ல் அகழாய்வு. இத்தாலியப் பானைக்கு வயது தெரியும். ஆகவே அதே மண் அடுக்கில் கிடைத்த நம்ம ஊர்ப் பானைக்கும் வயது தெரிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு காலண்டர் கிடைத்தது அப்படித்தான். யவனர் வணிகம் பற்றிச் சங்கப் பாடல்கள் சொல்லியிருந்ததற்கு மண்ணே சாட்சி சொன்னது.

15/
இப்ப ஸ்ரீபெரும்புதூரில் கொரிய எழுத்தில் போர்டு வைத்த உணவகங்களைப் பார்க்கும்போது எனக்கு அரிக்கமேடு ஞாபகம் வரும். கப்பல் ஏறி வந்தவன் அவன் ஊர்ச் சாப்பாட்டையும் ஜாடியையும் கூடவே கொண்டு வருவான். 2000 வருஷத்துக்கு முன்பும் அதேதான்.

16/
மூன்றாவது புத்தர். 1856 முதல் நாகப்பட்டினத்தில் தோண்டத் தோண்டப் பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. மொத்தம் சுமார் 350. அவற்றில் பல எழும்பூரில் இருக்கின்றன. நாகப்பட்டினத்தில் புத்தருக்கு என்ன வேலை? கடல் தாண்டி சுமத்ராப் பக்கம் ஆண்ட ஸ்ரீவிஜய அரசர்கள் அங்கே சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் கட்டினார்கள். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தவர் யார்? பெரிய கோயில் கட்டிய அதே ராஜராஜ சோழன்.

17/
அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடு நெதர்லாந்தின் லைடன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் அதற்கு 'லைடன் செப்பேடு' என்றே பெயர். யோசித்துப் பாருங்க. சிலை எழும்பூரில், செப்பேடு போய்ச் சேர்ந்தது ஐரோப்பாவில், விகாரம் இருந்த இடம் நாகையில். ஒரே நோயாளியின் எக்ஸ்ரே ஒரு ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனை இன்னொன்றில், ஆள் வேறெங்கோ இருப்பது மாதிரி.

18/
இப்படிப் பிரிந்துபோனவை இன்னும் உண்டு. ஆந்திராவின் அமராவதி பௌத்தத் தூபியின் சிற்பங்களை 1845-ல் வால்டர் எலியட் தோண்டி எடுத்து மதராஸுக்கு அனுப்பினார். பல வருஷம் அவை வெயிலிலும் மழையிலும் வெளியே கிடந்தன. 1859-ல் 121 கற்கள் லண்டனுக்குக் கப்பலேறின. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு பகுதி, எழும்பூரில் ஒரு பகுதி. ஆதிச்சநல்லூர்ப் பொருள்களும் அப்படித்தான். 1876-ல் யாகோர் எடுத்தவை பெர்லினுக்கு, 1904-ல் லாப்பிக் எடுத்தவை பாரிஸுக்கு. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியவை எழும்பூருக்கு.

19/
பொருள்களை எடுத்துப் போனது ஒரு கதை. ஆட்களை அளந்தது இன்னொரு கதை. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்த இரண்டாவதைத்தான். கவனமாகப் படிங்க. ஏனென்றால் இதிலும் ஒரு மருத்துவர் வருகிறார்.

20/
எட்கர் தர்ஸ்டன். லண்டனில் மருத்துவம் படித்தவர். 1885-ல் மதராஸ் அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றார். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் அனாடமி பாடமும் எடுத்தார். 1890-களில் அவருக்கு மனிதர்களை அளக்கும் ஆர்வம் வந்தது. தலையின் நீளம், அகலம், உயரம், முக்கியமாக மூக்கு. அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களையே அளந்தார், சிலருக்குக் காசு கொடுத்தும். ஊர் ஊராக, மலை மலையாகக் கருவிகளோடு போய் அளந்தார்.

21/
மூக்கு எதற்கு? மூக்கின் அகலத்தை அதன் நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஒரு எண் வரும். இந்த எண்ணும் சாதியின் உயர்வு தாழ்வும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று அன்றைய அதிகாரி ஹெர்பர்ட் ரிஸ்லி சொன்னார். 1901 சென்சஸின் கமிஷனர் அவர். அதையொட்டி நடந்த இனவரைவியல் கணக்கெடுப்பில் மதராஸ் மாகாணப் பொறுப்பு தர்ஸ்டனுக்கு. விளைவு, கே. ரங்காச்சாரி உதவியோடு 1909-ல் வெளிவந்த 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்'. ஏழு பெரிய தொகுதிகள்.

22/
டாக்டராக ஒன்று சொல்லிவிடுகிறேன். மூக்கின் முக்கியமான வேலைகளில் ஒன்று, உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது. குளிரும் வறட்சியும் உள்ள இடங்களில் மூக்கு குறுகலாகவும், வெப்பமும் ஈரமும் உள்ள இடங்களில் அகலமாகவும் இருக்கும் போக்கு உண்டு. இதை 1923-லேயே தாம்சன், பக்ஸ்டன் இருவரும் காட்டிவிட்டார்கள். மூக்கின் அகலத்துக்கும் ஒருவரின் அறிவுக்கோ, குணத்துக்கோ, 'உயர்வு தாழ்வு'க்கோ எந்தச் சம்பந்தமும் இல்லை. ரிஸ்லியின் கணக்கு இன்று செல்லாக் காசு.

23/
ஆனால் என்னை உலுக்கியது அந்தக் கணக்கு இல்லை. அளக்கப் போன இடத்தில் நடந்த ஒரு சம்பவம். வயநாட்டில் பணியர் பழங்குடிப் பெண்கள் தர்ஸ்டனைக் கண்டதும் ஓடிவிட்டார்கள். ஏன் தெரியுமா? தங்களில் நல்ல ஆட்களாகப் பார்த்துப் பிடித்து, பஞ்சு அடைத்து, மதராஸ் அருங்காட்சியகத்தில் நிறுத்தப் போகிறார் என்று நினைத்துவிட்டார்களாம். இதைப் பதிவு செய்திருப்பது வேறு யாருமில்லை, தர்ஸ்டனே. தன் புத்தகத்தில், ஒரு வேடிக்கைச் சம்பவம் போல.

24/
அது வேடிக்கையா? செத்த காலேஜில் புலிக்குப் பஞ்சு அடைத்து வைத்திருந்தார்கள். மான், கரடி எல்லாம் அப்படி வைத்திருந்தார்கள். அதே இடத்திலிருந்து ஒருவர் வந்து, பேர் ஊர் விசாரித்துப் பழகாமல், தலையையும் மூக்கையும் அளந்து எழுதிக்கொண்டால், அடுத்து என்ன நடக்கும் என்று அந்தப் பெண்கள் எப்படி யோசிப்பார்கள்? அவர்கள் முட்டாள்தனமாகப் பயப்படவில்லை. பார்த்ததை வைத்துச் சரியாகவே ஊகித்தார்கள். எனக்கு டோக்கன் நம்பர் 37 ஞாபகம் வந்தது.

25/
அதே அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு உடலை, கிட்டத்தட்ட அதே காலத்தில், வேறொருவர் வேறு விதமாகப் பார்த்தார். திருவாலங்காட்டு நடராசர். அந்த ஊரும் நம்ம பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டம்தான். சோழர் காலச் செப்புத் திருமேனி. அதன் புகைப்படங்கள் பாரிஸில் சிற்பி ரோதினிடம் போய்ச் சேர்ந்தன. ரோதின் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. படங்களை மட்டும் வைத்துக்கொண்டு தோள், இடுப்பு, கால், பாதம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வியந்து 1913-ல் எழுதினார். அது 1921-ல் அச்சில் வந்தது.

26/
இருவரும் உடலைத்தான் பார்த்தார்கள். ஒருவர் பார்த்தது எண். இன்னொருவர் பார்த்தது அந்த உடலில் இருந்த அசைவு, அதைச் செய்த ஸ்தபதியின் கை. செம்பில் செய்த உடலுக்குக் கிடைத்த மரியாதை, அந்த வளாகத்தில் அளக்கப்பட்ட ரத்தமும் சதையுமான மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

27/
இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் நான் இழை எழுதியிருக்க மாட்டேன். 1940-ல் அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்புக்கு ஒரு இந்தியர் வந்தார். ஏ. அய்யப்பன். கேரளத்துக்காரர், ஈழவர் சமூகம். அதாவது, தர்ஸ்டனின் தொகுதிகளில் 'விவரிக்கப்பட்ட' சமூகங்களில் ஒன்றிலிருந்து வந்தவர். லண்டனில் மானிடவியல் முனைவர் பட்டம் பெற்றவர். எந்த நிறுவனம் தன் மக்களைப் பட்டியல் போட்டதோ, அதன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

28/
அய்யப்பன் காலத்திலும் உடல் அளவைகள் தொடர்ந்தன. அன்றைய மானிடவியல் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவர் இன்னொன்றையும் பதிவு செய்தார். மலபாரின் நாயாடிகள் பற்றி 1937-ல் எழுதிய நூலில், அவர்கள் மற்றவர்களிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வைக்கப்பட்டார்கள் என்பதை எழுதினார். தன் சொந்தச் சமூகம் மாறிவந்த விதத்தையும் தனி நூலாக எழுதினார். அளவுகோல் கொஞ்சம் திரும்பிவிட்டது, பாருங்க. தாழ்த்தப்பட்டவனின் மூக்கை அளந்த இடத்தில், அவனைத் தாழ்த்திய தூரமும் கணக்கில் வந்தது.

29/
இப்ப மறுபடி நம்ம ஊருக்கு வருவோம். அருங்காட்சியகத்தின் மானிடவியல் பகுதியில் பழங்குடி மக்களின் கூடைகள், பொறிகள், ஆயுதங்கள் எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கும். 'ஆதிகால மக்கள்' என்று நினைத்துக்கொண்டு கடந்து போவோம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கம் வாழும் இருளர்களையும் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் இந்தப் பக்கத்தில் டூட்டி பார்க்கும் எந்த டாக்டரும் அப்படி நினைக்க முடியாது.

30/
ஏன்னா, ஏரிக்கரையையும் வயலையும் ஒட்டிய ஊர்கள் இவை. மழைக்காலம் வந்தால் பாம்புக்கடி வரும். நாங்கள் போடும் விஷமுறிவு மருந்து நாலு பாம்புகளின் விஷத்துக்கு எதிரானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அந்த மருந்தைத் தயாரிக்க முதலில் விஷம் வேண்டும். குறைந்த அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுப்பார்கள். அந்த விஷத்தை எடுத்துக் கொடுப்பது யார்?

31/
மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978-ல் தொடங்கியது. பாம்புத் தோல் வியாபாரத்துக்குத் தடை வந்து பிழைப்பு போன மக்கள், அதே திறமையை உயிர் காக்கும் வேலைக்குத் திருப்பினார்கள். பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்துவிட்டு, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்கு இந்தச் சங்கம்தான் முக்கிய ஆதாரம். 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

32/
புழுதியில் ஒரு தடத்தைப் பார்த்து, என்ன பாம்பு, எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சொல்லக்கூடிய அறிவு அது. எந்த மூக்கு அளவிலும் அது பதிவாகாது. கண்ணாடிக்குள் இருக்கும் கூடையைப் பார்த்தாலும் தெரியாது. எங்க எமர்ஜென்சி வார்டில் பிழைத்து எழுந்து உட்காரும் நோயாளியைப் பார்த்தால்தான் தெரியும். செத்த காலேஜில் பாதி பாடம்தான். மீதி உயிர் காலேஜில்.

33/
அப்ப அளக்கறதே தப்பா டாக்டர்னு கேட்பீங்க. இல்லை. அளக்காமல் மருத்துவம் இல்லை. நிறம் பிரித்தறிய நான் தினமும் காட்டுகிற புள்ளிப் படங்கள் ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-ல் வெளியிட்டவை. அதில் ஒருவருக்குக் குறை தெரிந்தால், சிவப்பு பச்சை ஒயர் குழம்பி ஷாக் அடிக்கிற வேலையிலிருந்து அவரைக் காப்பாற்றலாம். கேள்வி ஒன்றுதான். இந்த அளவு யாருக்காக? அளக்கப்படுகிறவருக்கு அது தெரியுமா?

34/
நான் மாற்றிக்கொண்டது சின்ன விஷயம். இப்போது பிபி பட்டையைச் சுற்றுவதற்கு முன் பெயரும் ஊரும் கேட்கிறேன். அளந்ததை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டி, 'இது உயரம், இது பிபி, நார்மல்' என்று சொல்கிறேன். ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம் கூடுதலாகிறது. வரிசை நீளும், நர்ஸ் முறைப்பார். ஆனால் முதல் ரீடிங்கில் ஏறி நிற்கும் பிபி முன்பைவிடக் குறைவு என்று எனக்குத் தோன்றுகிறது. இது ஆய்வு இல்லை, என் அனுபவம் மட்டும்.

35/
அந்தப் பையன் ஒரு மாதம் கழித்து, கையில் சின்ன வெட்டுக் காயத்தோடு வந்தான். இந்த முறை பெயர் கேட்டேன், ஊர் கேட்டேன். கோராபுட் பக்கம் ஒரு மலைக் கிராமம். அம்மா மூங்கில் கூடை முடைவாராம். போனில் படம் காட்டினான். எழும்பூரில் கண்ணாடிக்குள் பார்த்த கூடை ஒன்று கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. 'இதை முடைய எத்தனை நாள்?' என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே இரண்டு விரலைக் காட்டினான்.

36/
நீங்களும் ஒரு நாள் போய்ட்டு வாங்க. தண்டலத்திலிருந்து பூந்தமல்லி போய், அங்கிருந்து எழும்பூர். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்னிக்குப் போய் ஏமாறாதீங்க. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்படாதீங்க. கால் வலிதான் மிச்சம். கைக்கோடரி, நாகப்பட்டினத்துப் புத்தர், அமராவதிக் கற்கள், திருவாலங்காட்டு நடராசர், பழங்குடிப் பகுதி. இந்த ஐந்து போதும். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் வருஷம், அரசர் பெயர் எல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம். 'இதை யார் செஞ்சிருப்பாங்க, எப்படிப் பிடிச்சிருப்பாங்க?' என்று முதலில் கேளுங்க.

37/
இந்த எண்ணோடு முடிப்பது தற்செயல்தான். ஆனால் இது அவனுக்குப் போகட்டும்.

உங்க ஊர் அருங்காட்சியகத்தில் உங்க ஊர்ப் பொருள் ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்க. நான் படிக்கிறேன்.